சுபத்திரையும் எங்க வல்லியம்மையும்

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை, களியக்காவிளையில ஆனவண்டி, அதான் கேரள அரசு பஸ், ஏறி திருவனந்தபுரத்துக்கு ஒரு ஊமைப்படம் பாக்கப் போனேன். ஒரு சின்ன ஹாலு, ஒரு நாப்பது பேரு இருப்பாங்க, பாதிப் பேரு நரச்ச தல. படம் மார்த்தாண்டவர்மா, 1933ல வந்தது. பாத்துட்டு வந்த அன்னிக்கே எழுதணும்னு நெனச்சேன், முடியல. அந்தப் படத்தப் பத்தி எழுதணும்னா எங்க வல்லியம்மையப் பத்தியும் எழுதணும், அதுக்கு அம்மா கிட்ட கேக்கணும், அம்மா போன ஓணத்துக்குத்தான் சரின்னு சொன்னா.

முதல்ல படம். எங்க பக்கத்துல இந்தத் திருவிதாங்கூர் ராஜா பேரு தெரியாத ஆளு கெடையாது. எங்களுக்குப் பக்கத்து டவுனுக்குப் பேரே மார்த்தாண்டம், பழைய பேரு தொடுவெட்டி, வயசானவங்க இன்னும் அப்படித்தான் சொல்லுவாங்க. குளச்சல்ல 1741ல டச்சுக்காரன தோக்கடிச்சது, பிடிபட்ட டிலனாய் அப்புறம் இவரு படைக்கே தளபதியாகி புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டையில அடக்கமானது, பத்மநாபபுரம் அரண்மன, இதெல்லாம் ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போயே காட்டிருவாங்க. 1956 நவம்பர் 1ல கன்னியாகுமரி ஜில்லாவா நாங்க தமிழ்நாட்டோட சேந்தோம், அரண்மன நிக்கிற மண்ணு நம்மளுது, ஆனா அரண்மனைய இன்னிக்கும் பாத்துக்கிறது கேரள அரசு. அந்த மாதிரிதான் எங்க ஊரும், வீட்டுல ஒரு பேச்சு, சாயக்கடையில ஒரு பேச்சு, ஒரே வாக்கியத்துல ரெண்டும் வரும்.

நாவல் சி. வி. ராமன் பிள்ளை எழுதினது, 1891ல வந்தது, மலையாளத்துல முதல் சரித்திர நாவல்னு சொல்லுவாங்க. அத படமா எடுத்தது எங்க நாகர்கோயில்காரர் சுந்தர்ராஜ், கம்பெனிக்குப் பேரு ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ், டைரக்டர் பி. வி. ராவ். 1933னு சொன்னேன்ல, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1931ல, பம்பாயில ஆலம் ஆரா பேச ஆரம்பிச்சாச்சு, அதே வருஷம் காளிதாஸ் தமிழ்ல பேசியாச்சு, ஊரெல்லாம் படம் பேசுற நேரத்துல ஒருத்தர் கையில இருக்கிற காசையெல்லாம் போட்டு பேசாத படம் ஒண்ண எடுக்கிறாரு. மலையாளத்துல படம் பேசுறதுக்கு 1938 வரைக்கும் காத்திருக்கணும், பாலன் வரணும்.

படம் ஆரம்பிக்கிறது கதையில கெடையாது, ஒரு ஆராட்டு ஊர்வலத்துல. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து நெசமான ஊர்வலம், கேமரா வச்சு எடுத்தது. பத்மநாபசாமி கோயில்ல இருந்து சங்குமுகம் கடலுக்கு சாமி போகும்ல, அது. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர் அந்த இடம் வந்ததும் செருப்பக் கழட்டிட்டு காலத் தரையில வச்சார். யாரும் அவர திரும்பிப் பாக்கல. எனக்கு அது மட்டும் மனசுல அப்படியே இருக்கு.

அப்புறம் எழுத்து வரும், இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும், ஒரு அட்ட போகும், ஆளுங்க வருவாங்க, வாய் அசையும், இன்னொரு அட்ட. அந்தக் காலத்துல கொட்டகையில திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு நின்னு அந்த எழுத்தச் சத்தமா வாசிச்சு கத சொல்லுவாராம், ஏன்னா உக்காந்திருக்கிறதுல முக்காவாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. திரையில இருக்கிற பொண்ணு என்ன சொல்றான்னு அந்த ஆளு சொல்றதுதான். இத மனசுல வச்சுக்கோங்க, அப்புறம் வருவேன்.

கதைய நீளமா சொல்ல மாட்டேன். வயசான ராஜா ராமவர்மா படுக்கையில கெடக்கிறாரு. மருமக்கத்தாயம்னா பட்டம் போறது சகோதரி மகனுக்கு, அதாவது இளவரசர் மார்த்தாண்டவர்மாவுக்கு. ராஜாவோட சொந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரு, பப்புத்தம்பியும் ராமன்தம்பியும், எங்களுக்குத்தான் வேணும்னு நிக்கிறாங்க, எட்டுவீட்டுப் பிள்ளமாருன்னு எட்டு பெரிய நாயர் வீட்டுத் தலைவருங்க அவங்க பக்கம். இளவரசர் ஒளிஞ்சு ஒளிஞ்சு தப்பிக்கிறாரு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்துல நிக்கிற அம்மச்சிப்பிலாவுங்கிற பலாமரம், அதோட பொந்துக்குள்ளதான் அவரு ஒளிஞ்சார்னு சொல்றாங்க, நான் பஸ்ல போறப்ப எல்லாம் அந்த ஸ்டாப் வந்தா ஒரு தடவ அந்தப் பக்கம் பாப்பேன்.

இது நடுவுல ஒரு காதல். அனந்தபத்மநாபன்னு இளவரசருக்கு வேண்டப்பட்ட ஒரு வாலிபன், அவனுக்கு செம்பகசேரி வீட்டு பாருக்குட்டி மேல உயிரு. பஞ்சவன்காட்டுல அவன வெட்டிப் போட்டுடறாங்க, செத்துட்டான்னு எல்லாரும் நம்புறாங்க, பாருக்குட்டி மட்டும் நம்பல. அவனத் தூக்கிட்டுப் போய் காப்பாத்துறது பட்டாணிங்க, அதாவது பதான் வியாபாரிங்க கூட்டம், அங்க வைத்தியர் ஹக்கீமோட குடும்பத்துல ஒரு பொண்ணு சுலைகா, காயம் ஆத்த ஆத்த அவ மனசு அவன்கிட்ட போயிருது. மதம் வேற, நாடு வேற, அவனுக்கு வேற ஒருத்தி இருக்கா, ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சும் போன மனசு. கடைசியில அவ விட்டுக் குடுத்துட்டு தன் ஆளுங்களோட திரும்பிப் போறா. பாருக்குட்டி மேல பப்புத்தம்பிக்கு கண்ணு, அவ அம்மாவுக்கும் ராஜா வீட்டு சம்பந்தம்னா ஆச. வழக்கமான காதல் கதைன்னா இதோட போதும், விலக்கி வச்ச காதல், பிரிவு, கடைசியில சேந்துடறாங்க. நெறைய பேரு எழுதுறதும் இந்தக் காதலப் பத்தியும் ராஜாவப் பத்தியும்தான்.

எனக்கு கத சுபத்திரையோடது.

சுபத்திர குடமண் பிள்ளையோட மருமக, அதாவது சகோதரி மக. எட்டுவீட்டுப் பிள்ளமாருல ஒருத்தன்தான் குடமண் பிள்ள. அவளுக்குக் கல்யாணம் ஆயி கொஞ்ச நாள்லயே புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். எதுக்கு? யாரோ அவளப் பத்தி ஒரு பொய்யக் கெளப்பி விட்டாங்க, இன்னொருத்தனோட சேத்து வச்சு. அவன் நம்பிட்டான். ஒரு தடவ கூட அவகிட்ட கேக்கல. போனவன் பட்டாணிங்களோட சேந்து, மதம் மாறி, பீராம்கான்னு பேர மாத்தி, சுலைகாவோட அக்காவக் கட்டிக்கிட்டான். இவ மாமன் வீட்டுல ஒரு வெலையும் இல்லாத உயிரு மாதிரி இருக்கா, ஊரு அவளப் பத்தி என்ன பேசுதுன்னு தெரிஞ்சும்.

ஆனா அந்தக் கதையில மொத்த சதியையும் உடைக்கிறது அவதான். இளவரசர கொல்லப் போற திட்டத்த மோப்பம் புடிக்கிறா, ராத்திரியில தனியா நடக்கிறா, ஆள் விடுறா. பாருக்குட்டி துக்கத்துல படுத்த படுக்கையாகி சாகப் போறப்ப மருந்து வாங்கறதுக்கு பட்டாணி முகாமுக்கே போறா. அங்கதான் அவனப் பாக்கிறா. வேற உடுப்பு, தாடி, வேற பேரு. அவளுக்குள்ள ஏதோ ஒடையுது. நான் நாவல் படிக்கிறப்ப இந்த இடத்துல புத்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் திண்ணையில போய் உக்காந்தேன்.

முடிவுல அந்தப் பொய் பொய்தான்னு அவனுக்குத் தெரிய வருது. தெரிஞ்சு அவன் வந்து சேரறதுக்குள்ள, எங்க திட்டத்தக் காட்டிக் குடுத்துட்டியேன்னு குடமண் பிள்ள தன் சொந்த மருமகள வெட்டிடறான். பீராம்கான் அவன வெட்டுறான். அவ்வளவுதான். ராஜா ஜெயிக்கிறாரு, காதலர்கள் சேருறாங்க, மண்டபத்துல வெளக்கு எரியுது, இவ இல்ல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல இருந்து எங்க ஊர்ல ஒரு கத உண்டு. வில்லுப்பாட்டுல தம்பிமார் கத கேட்டிருக்கீங்களா? நாவல்ல வில்லனா வர்ற அதே ரெண்டு தம்பிகளுக்காக எங்க பக்கத்துல பாட்டுப் படிச்சிருக்காங்க, கேக்கிறவங்க அழுதிருக்காங்க. அதுலயும் ஒரு பொண்ணு, தம்பிமாரோட தங்கச்சி. இளவரசர் அவளக் கேக்கிறாரு, அவளுக்குப் பொறக்கிற பிள்ளைக்குப் பட்டம் உண்டான்னு பொண்ணு வீட்டுல கேக்கிறாங்க, மருமக்கத்தாயத்துல அது நடக்காது, அதுல இருந்துதான் பகையே மூண்டதுன்னு ஒரு வடிவம் சொல்லும். ராஜாங்கத்துக் கதைய எந்தப் பக்கம் இருந்து கேட்டாலும் நடுவுல ஒரு பொண்ணு வாயத் தொறக்க முடியாம நிக்கிறா.

சரி, வல்லியம்மை.

வல்லியம்மைன்னா எங்க பாட்டியோட அக்கா. நான் பத்தாங்கிளாஸ் படிக்கிறப்ப இறந்தா. ஒல்லியா, நெட்டையா, வெள்ள முண்டும் வெள்ள ரவுக்கையும், காது பாம்படம் போட்ட காது, பாம்படம் மட்டும் இருக்காது, தொங்குற காதுதான் இருக்கும். மரச்சீனிக் கெழங்க அவ தொலி உரிக்கிறத பாக்கணும், ஒரு கீறு, ஒரு திருகு, முழுத் தொலியும் ஒரே சுருளா கையில வந்துரும். அவளுக்கு புருஷன் இருந்தும் இல்லாத மாதிரின்னு சின்னதுல இருந்தே தெரியும், ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் பெருசான பெறவு அம்மா சொன்னா.

வல்லியப்பன் பீருமேட்டுல தேயிலத் தோட்டத்துக்குப் போயிருந்தாரு. அப்ப இது திருவிதாங்கூர்-கொச்சி, 1952, 53 அந்தக் காலம். வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு, நடுவுல எழுத்து, அதான் கடுதாசி, போடுவாரு. அவரு படிச்சது மலையாளப் பள்ளிக்கூடம், அதனால மலையாளத்துல எழுதுவாரு. வல்லியம்மைக்கு ரெண்டும் பேசத் தெரியும், ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. எங்க இடவழியோட முக்குல ஒரு சாயக்கட, அங்க பற்று எழுதுற ஒரு பையன் இருந்தான், அந்த இடவழியில பாதி வீட்டுக்கு எழுத்து வந்தா அவன்தான் வாசிச்சுக் குடுப்பான், காசு வாங்க மாட்டான், ஒரு சக்கையோ நாலு ஏத்தங்காயோ குடுத்தா வாங்கிப்பான்.

அன்னிக்கும் ஒரு எழுத்து வந்துச்சு. வல்லியம்மை கையாலைக்கு, அதாவது வேலிச்சுவருக்கு, இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், கையாலை மேல எழுத்த விரிச்சு வச்சு வாசிச்சான். வாசிச்சு முடிச்ச பெறவு வல்லியம்மை கேட்டாளாம், "இதில எனக்க பேரு எங்க எழுதியிருக்கு?" அவன் விரல் வச்சுக் காட்டினான். அவளுக்குத் தெரியல, எந்த எழுத்து எதுன்னு. ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு சொல்லிக் குடுத்தான், அவ குனிஞ்சு பாத்தா, ரெண்டு தலையும் ஒரு காகிதத்து மேல. அவ பேருல இருக்கிற எழுத்து எல்லாத்தையும் விரல் வச்சு வச்சு ரெண்டு மூணு தடவ சொன்னா. தப்பா சொல்லி சிரிச்சா. அவனும் சிரிச்சான்.

அந்த நேரத்துல வல்லியப்பன் இடவழிக்குள்ள வந்துக்கிட்டு இருந்தாரு. பஸ் எறங்கி நேரா.

அவரு வந்தத இவ பாக்கல. சாயக்கடையில இருந்தவங்கதான் பாத்தாங்க, வர்றப்பவும் பாத்தாங்க, திரும்பிப் போறப்பவும் பாத்தாங்க, என்ன இவரு வந்த கையோட போறாருன்னு நெனச்சாங்களாம். சாயங்காலம் கையாலையோட அந்தக் கடைசியில ஒரு துணிமூட்ட இருந்துச்சு. தேயிலப்பொடி ஒரு பொதி, ஒரு சேல, ஒரு சோப்பு. மழ லேசா தூறி காகிதம் நனஞ்சு தேயில வாசம் அடிச்சுதாம். வல்லியம்மை அத எடுத்துட்டு பஸ் வர்ற ரோடு வரைக்கும் ஓடியிருக்கா.

அதுக்கப்புறம் எழுத்து வரல. ஆள் விட்டுச் சொன்னாங்க, உபதேசியாரு ஒரு தடவ பீருமேடு போறப்ப பாத்துப் பேசிப் பாத்தாரு, அவரு எழும்பிப் போயிட்டாராம். சாயக்கடப் பையன் வேற ஊருக்குப் போயிட்டான், அவனுக்கும் அந்தப் பேச்சு தாங்கல. வல்லியம்மை எனக்கு சொன்ன ஒரே விஷயம் இதுதான், நான் எட்டாங்கிளாஸ்ல இருக்கிறப்ப, எதுக்கோ நான் என் கூட்டுக்காரி கூட ஒரு தப்பர்த்தத்துல பேசாம இருந்தேன், அப்ப சொன்னா: "எனக்க கிட்ட ஒரு வாக்கு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் மக்ளே. ஒரு வாக்கு." அத சொன்னப்ப அவ கெழங்கு உரிச்சுட்டுதான் இருந்தா, கை நிக்கல.

அதனாலதான் அந்த ஹால்ல சுபத்திர திரையில வந்தப்ப எனக்கு மூச்சு அடைச்சுது. ஊமைப்படத்துல எல்லாரும் ஊம, அது எனக்குத் தெரியும். ஆனா ராஜா பேசுறதுக்கு அட்ட இருக்கு, சதிகாரன் பேசுறதுக்கு அட்ட இருக்கு. கட்டினவன் விட்டுட்டுப் போறப்ப அவ சொல்லியிருக்க வேண்டியத அட்டையில எழுதறதுக்கு கதையிலயே எடம் இல்ல, ஏன்னா அவன் கேக்கவே இல்ல. வாய் அசையறத பாத்துட்டு நாமளே எதையாவது நெனச்சுக்க வேண்டியதுதான். தூரத்துல நிக்கிற வல்லியப்பனுக்கும் அதானே தெரிஞ்சிருக்கும், ரெண்டு தல, ஒரு சிரிப்பு, சத்தம் இல்ல. அவரு அதுக்கு ஒரு அட்ட எழுதிக்கிட்டாரு.

படத்துக்கும் அதே மாதிரி ஒரு கதி. ரிலீஸ் ஆன கையோட நாவலோட உரிம வச்சிருந்த கமலாலயா புக் டிப்போ கேஸ் போட்டு படத்த நிறுத்திட்டாங்க. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர்ல கொஞ்ச நாள்தான் ஓடுச்சு, பிரிண்ட் புத்தகக்காரங்க கைக்குப் போயிருச்சு. நம்ம நாட்டுல சினிமா மேல போட்ட முதல் காப்பிரைட் கேஸ் இதுதான்னு சொல்றாங்க. சுந்தர்ராஜோட காசெல்லாம் அதோட போச்சு. நாப்பது வருஷம் அந்த ரீல் அங்கயே கெடந்துச்சு. 1974ல புனே பிலிம் ஆர்க்கைவ்ஸ்ல இருந்த பி. கே. நாயர் கண்டுபிடிச்சு கொண்டு போனாரு, அதனாலதான் நான் பாத்தேன். கேஸ் போட்டு பூட்டி வச்சதாலதான் அது தப்பிச்சுதுன்னு கூட தோணும், ஏன்னா இதுக்கு முன்னாடி வந்த, மலையாளத்தோட முதல் படமான விகதகுமாரனுக்கு ஒரு ரீல் கூட மிச்சம் இல்ல.

விகதகுமாரன் எடுத்தது ஜே. சி. டேனியல், நம்ம அகஸ்தீஸ்வரத்துல கடைசிக் காலத்துல வாழ்ந்து 1975ல இறந்தவர். திருவனந்தபுரம் பட்டம்ங்கிற இடத்துல ஸ்டுடியோ கட்டி, நெலத்த வித்து, தானே எழுதி, தானே எடுத்து, தானே நாயகனா நடிச்சது. முதல்ல 1928னு எழுதிட்டு இருந்தாங்க, இப்ப 1930ங்கிறாங்க. அதுவும் அதே கேப்பிட்டல் தியேட்டர்தான். அதுல நாயகி பி. கே. ரோசி, புலையர் சமுதாயத்துப் பொண்ணு, காக்காரிசிங்கிற நாட்டுப்புற நாடகத்துல நடிச்சவங்க. திரையில அவங்க ஒரு நாயர் வீட்டுப் பொண்ணு சரோஜினி. நாயகன் அவங்க தலையில இருக்கிற பூவ முத்தம் குடுக்கிற மாதிரி ஒரு காட்சி, அதப் பாத்துட்டு கூட்டம் கல்லெடுத்து திரையில எறிஞ்சுது. முதல் நாள் தன் படத்த உக்காந்து பாக்கக் கூட அவங்கள விடல. அப்புறம் குடிசைய எரிச்சாங்க. ஒரு லாரியில ஏறித் தப்பிச்சு இந்தப் பக்கம் வந்தாங்க, அந்த டிரைவரையே கட்டிக்கிட்டு நாகர்கோயில்ல ராஜம்மாளா வாழ்ந்தாங்க. திருவிதாங்கூர்ல கோயிலுக்குள்ள எல்லாரும் போகலாம்னு உத்தரவு வந்ததே 1936 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி நடந்தது இது.

திரையில நடந்தது நடிப்பு, ஒரு பூவு, ஒரு முத்தம். அத நெசம்னு எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்டயும் யாரும் ஒரு வார்த்த கேக்கல, அவங்களும் ஆயுசுக்கும் சொல்லல. நாகர்கோயில் வடசேரி பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எல்லாம் இப்ப எனக்கு இதான் நெனப்பு, இந்த ரோட்டுல காய்கறிப் பையோட அவங்க நடந்து போயிருப்பாங்கல்ல, மலையாள சினிமாவோட முதல் நாயகின்னு யாருக்கும் தெரியாம. 2023 பிப்ரவரி 10ல கூகுள் அவங்க படம் வரஞ்சு போட்டப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன், ஸ்கிரீன்ல அந்த மொகத்தப் பாத்துட்டு வேல ஓடல.

படம் பாத்த அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வர பத்தர மணி ஆச்சு. அம்மா கஞ்சியும் பயறும் எடுத்து வச்சுட்டு முழிச்சுட்டு இருந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டே சுபத்திரைய சொன்னேன், பட்டாணி முகாமுல அவனப் பாக்கிறது, அவன் கடைசியில லேட்டா வர்றது. அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போனா, வல்லியம்மையோட டிரங்குப் பெட்டிய தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பதான் எனக்குத் தெரியாத மிச்சத்த சொன்னா.

வல்லியப்பன் திரும்பி வந்தாராம். 1971ல. நான் இத்தன வருஷமா அவரு அங்கயே செத்துட்டார்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். நெஞ்சுல சளி கட்டி, எலும்பும் தோலுமா, யாரோ ரெண்டு பேரு கொண்டு வந்து விட்டுட்டுப் போனாங்க. வல்லியம்மை ஒண்ணும் கேக்காம பாய் விரிச்சா. எட்டு மாசம் கஞ்சி வச்சுக் குடுத்தா, குளிப்பாட்டினா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டது கஞ்சி, மருந்து, வெந்நீர், இதுக்கு மேல இல்ல. அம்மாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு, மலையாளம் மீடியத்துல படிச்சுட்டு இருந்தா, எங்க பக்கத்துல இன்னிக்கும் மலையாளப் பள்ளிக்கூடம் உண்டு. ஒரு நாள் மத்தியானம் வல்லியம்மை அவள விளிச்சு, பெட்டியில இருந்து ஒரு எழுத்த எடுத்து கையில குடுத்து, "அவரு கிடக்குத முறியில போயி இத ஒறக்க வாசி"ன்னாளாம்.

அம்மா நின்னு வாசிச்சா. அவரே எழுதின எழுத்து. பத்தொம்பது வருஷத்துக்கு முந்தினது.

அவரு கண்ண மூடிட்டு கேட்டாராம். வாசிச்சு முடிச்ச பெறவு ரொம்ப நேரம் கழிச்சு, "அவன் இதத்தான் வாசிச்சிட்டு நின்னானா?"ன்னு கேட்டாரு. வல்லியம்மை வாசப்படியில நின்னுட்டு "ம்"னா. அப்புறம் அடுப்படிக்குப் போயிட்டா. அவரு சுவரப் பாத்து திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் மூணு வாரம்தான் இருந்தாரு.

அம்மா அந்த எழுத்த என்கிட்ட குடுத்தா. மடிப்புல எல்லாம் கிழிஞ்சு, பழுப்பேறி, ஒரு ஓரத்துல தண்ணி பட்டு மை கலங்கியிருக்கு. எனக்கு மலையாளம் கட போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் வரும், அதனால அம்மா பக்கத்துல உக்காந்து விரல் வச்சு வாசிச்சுக் காட்டினா. முதல் வரியில வல்லியம்மை பேரு. மரச்சீனி நட்டாச்சா. ஆடு குட்டி போட்டுச்சா, எத்தன. கூரைக்கு ஓல மாத்தணும், ஆளுக்கு சொல்லி வை. இங்க மழ நிக்கல, அட்டை கடி தாங்கல. உனக்கு ஒரு சேல வாங்கியிருக்கேன், நெறம் நான் சொல்ல மாட்டேன். ஓணத்துக்கு லீவு தர மாட்டேங்கிறான், அதனால அதுக்கு முன்னாடியே வாறேன், எந்த நாளுன்னு எழுதல, நீ யாருகிட்டயும் சொல்லாண்டாம், நான் திடீருன்னு வந்து நிக்கும்போ உனக்க மொகம் எப்பிடி இருக்குன்னு எனக்குப் பாக்கணும்.